கொட்டை எழுத்து

"கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, கண் தெரியவில்லையா?" என்று பிறர் நம்மைக் கேட்பதும், நாம் பிறரைக் கேட்பதும் தமிழ்நாட்டில் நாள்தோறும் நிகழும் சம்பாஷணை. எழுத்து பெரிதாகவும் பருமனாகவும் இருந்துவிட்டால், அதைப் படிக்க முடியாமற் போவதற்கு நியாயமே இல்லை என்பது அந்தக் கேள்வியில் அடங்கியுள்ள சித்தாந்தம். வெகு காலமாக நமக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒரு மிட்டாய்க் கடைக்கு எதிரே நின்றபோதுதான் அது ஆட்டங் கண்டது.

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் பெருஞ்சாலையில் இருக்கிறது கள்ளக்குறிச்சி. நெல்லும் கரும்பும் மரவள்ளிக் கிழங்கும் விளையும் பூமி. முன்பு தென்னார்க்காடு ஜில்லாவிலும் பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கியிருந்த இவ்வூர், 2019-ம் வருஷத்தில் தானே ஒரு மாவட்டத்துக்குத் தலைநகராகிவிட்டது. மனிதருக்குப் பதவி உயர்ந்தால் மாலைகள் வரும். ஊருக்குப் பதவி உயர்ந்தால் பெயர்ப் பலகைகள் வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பலகைகள்தாம்.

மேற்படி மிட்டாய்க் கடைக்காரர் ஊரின் பெயரை மஞ்சள் நிறத்தில், உருண்டு திரண்ட எழுத்துக்களில் போட்டிருந்தார். கோணம் என்பதே கிடையாது. முனைகள் யாவும் மழுங்கி, ஒவ்வோர் எழுத்தும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் போலக் கொழுகொழுவென்றிருந்தது. பார்த்த மாத்திரத்தில் சிரிப்பும் பசியும் ஒருங்கே உண்டாயின. ஆனால் சாலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அதைப் படிக்க முடிந்ததா என்றால், இல்லை. "கள்ளக்குறிச்சி" என்பதில் எட்டு எழுத்துக்கள். எட்டு லட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்தாற்போலத்தான் தெரிந்தது. மிட்டாய்க் கடைக்கு அதுவே போதும் என்று கடைக்காரர் சொல்லலாம். சொன்னால் அதில் நியாயமும் உண்டு. அந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத்தான் இங்கே ஆராய விரும்புகிறோம்.

எழுத்தின் கண்

கொட்டை எழுத்தைச் சோதிப்பதற்கு இவ்வூர்ப் பெயரைப் போல் வாய்ப்பான சொல் கிடைப்பது அரிது. மூன்று புள்ளிகள் இருக்கின்றன. தலைக்கு மேல் இரண்டு விலங்குகள் வளைகின்றன. நடுவில் ஒரு 'கு' கீழே சுழித்துக்கொண்டு போகிறது. ககரத்துக்குள்ளும் ளகரத்துக்குள்ளும் அடைபட்ட வெளிகள் உண்டு. எழுத்துக்குள் இருக்கும் இந்த வெளியை எழுத்தின் கண் என்று சொல்லலாம். கோடு பருக்கப் பருக்க அந்தக் கண் சுருங்கும். ஓர் அளவைத் தாண்டினால் மூடியே போய்விடும். கண் மூடிய எழுத்தை நாம் கண்ணைத் திறந்து பார்த்து என்ன பிரயோஜனம்?

இங்கிலீஷ் எழுத்துக்கு இத்தொல்லை குறைவு. அவர்களுடைய 'ஓ'வுக்கு ஒரு கண். 'எல்'லுக்குக் கண்ணே வேண்டியதில்லை. நம்முடைய ணகரத்திலோ சுழியின் மேல் சுழி. 'ணை' என்று எழுதினால் முன்னால் இன்னும் ஓர் இரட்டைச் சுழி வந்து நிற்கிறது. ஞகரம், ழகரம், இகரம், ஐகாரம் எல்லாம் இந்த ஜாதியைச் சேர்ந்தவை. காரணம் தேடி வெகு தூரம் போக வேண்டாம். தமிழ் எழுத்து வளர்ந்தது பனையோலையில். எழுத்தாணி ஒரே பருமனுள்ள மெல்லிய கோட்டைத்தான் கீறும். அந்தக் கோட்டில் எத்தனை வளைவும் சுழியும் இருந்தாலும் ஒன்றையொன்று நெருக்குவதில்லை. ஓலையில் புள்ளியும் பெரும்பாலும் இடுவதில்லை. இவ்வாறு மெல்லிய உடம்போடு வளர்ந்த எழுத்தைத் திடீரென்று பருக்கச் சொன்னால், அது சதையை எங்கே வைத்துக்கொள்ளும்?

கை தேர்ந்த சித்திரக்காரருக்கு வழி தெரியும். செங்குத்துக் கோட்டைப் பருமனாக விட்டுப் படுக்கைக் கோட்டை இளைக்கச் செய்வார். இரண்டு கோடுகள் கூடும் சந்தில் மையோ வர்ணமோ தேங்காதபடி சிறு வெட்டுக் கொடுப்பார். எழுத்தின் அகலத்தைச் சற்றே கூட்டிக் கண்ணுக்கு இடம் பண்ணுவார். புள்ளியைப் பெரிதாக்கி, எழுத்தின் தலையிலிருந்து விலக்கி வைப்பார். அவசரக்காரரோ ஏதேனும் ஒரு மெல்லிய எழுத்தை எடுத்துக் கணிப்பொறியில் சுற்றிலும் கரை கட்டிவிடுகிறார். அதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்; எழுத்து உள்ளும் புறமும் ஒரே அளவில் உப்பிவிடும். முன்னது தேகப் பயிற்சியால் வந்த புஷ்டி, பின்னது வீக்கம். மிட்டாய்க் கடைப் பலகையில் நாம் கண்டது இரண்டாவது என்றே சந்தேகிக்கிறோம்.

புள்ளி மறைவது அற்ப விஷயமல்ல. புள்ளி போனால் 'கல்' என்பது 'கல' ஆகிறது. 'கண்' என்பது 'கண' ஆகிறது. பல் வைத்தியருடைய பலகையில் புள்ளி மறைந்தால் அவர் 'பல வைத்தியர்' ஆகிவிடுவார். சிலர் விஷயத்தில் அது உண்மையாகவே இருக்கக்கூடும் என்பது வேறு.

பருத்த கதை

தமிழ் அச்செழுத்துக்கு முதலில் நேர்ந்த கஷ்டமே அதன் பருமன்தான் என்றால் நேயர்கள் வியப்படையலாம். 1578-ல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற பதினாறு பக்கப் புஸ்தகம் அச்சாயிற்று. இந்திய பாஷை ஒன்றின் எழுத்தில், இந்திய மண்ணிலேயே அச்சான முதல் புஸ்தகம் அதுவே. பின்னர் 1713-ல் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்செழுத்துக்கள் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டி வராது என்று கண்டு, ஸீகன்பால்கு முதலிய பாதிரிமார்கள் இங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்துக்கொண்டார்கள். ஆக, தமிழ் அச்சுக் கூடத்தின் முதற் கவலைகளில் ஒன்று எழுத்தை இளைக்கச் செய்வது.

பருக்க வேண்டும் என்ற ஆசை மேல் நாட்டிலிருந்து பின்னால் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் நகரத்துச் சுவர்களில் லாட்டரிச் சீட்டுக்காரர்களும் வியாபாரிகளும் போட்டி போட்டுக்கொண்டு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒருவர் நோட்டீஸை மற்றவர் நோட்டீஸ் விழுங்க வேண்டுமானால் எழுத்துப் பருத்தாக வேண்டும். ஆனால் பிரம்மாண்டமான எழுத்தை ஈயத்தில் வார்த்தால் பாரம் தாங்காது, விலையும் கட்டாது. 1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரத்தைக் குடைந்து எழுத்துச் செய்யும் யந்திரத்தை அமைத்தார். அது முதல் பெரிய எழுத்து என்றால் மர எழுத்து என்றாகிவிட்டது. 1922-ல் சிகாகோவிலிருந்து ஆஸ்வால்ட் கூப்பர் என்பவருடைய 'கூப்பர் பிளாக்' வெளிவந்தது. முனைகள் உருண்டு, பஞ்சு மெத்தை போல் மெத்தென்று தோன்றும் அந்த எழுத்து இன்றைக்கும் உலகெங்கும் தின்பண்டப் பொட்டலங்களின் மேல் சிரித்துக்கொண்டிருக்கிறது. விளையாட்டுக் கொட்டை எழுத்துக்களுக்கெல்லாம் அதைப் பாட்டனார் என்று சொல்லலாம்.

நம் நாட்டிலே நாடக நோட்டீசும், அதன் பின் ஸினிமா நோட்டீசும் கொட்டை எழுத்தை வளர்த்தன. அவற்றையும்விட அதிகமாக வளர்த்தவர்கள் சுவரிலும் பலகையிலும் தூரிகையால் எழுதிய பெயரில்லாச் சித்திரக்காரர்களே. அவர்கள் ஓர் எழுத்தை முடித்ததும் ஏணியிலிருந்து இறங்குவார்கள். சாலையைக் கடந்து போய் நின்று பார்ப்பார்கள். திரும்பி வந்து ளகரத்தின் வயிற்றில் வெள்ளை வர்ணத்தால் ஒரு தொடுப்புத் தொடுவார்கள். இப்போது ஃபிளெக்ஸ் பலகையைத் தயாரிப்பவர் ஒரு முழ தூரத்திலுள்ள திரையைப் பார்த்து வேலை செய்கிறார். அங்கே எல்லாம் தெளிவாகத்தான் தெரிகிறது. சாலையைக் கடந்து பார்க்கிற அந்த நடை ஒன்று போனதால் நேர்ந்த நஷ்டம் கொஞ்சமல்ல.

இன்னொரு நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசாங்கம் ஏற்றபோது ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துக்கள் தம்முடைய பழைய துதிக்கையை இழந்தன. சிறு பிள்ளைகள் கற்பதற்கு அது நன்மையே; மறுக்கவில்லை. ஆயினும் 'யானை' என்ற சொல்லுக்கே துதிக்கை போய்விட்டதை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது. கொட்டை எழுத்து வரைகிறவர்களுக்கு விளையாட அவ்வளவு அழகான இடம் வேறு கிடையாது.

பம்பாயில் பிறந்த தம்பி

அச்செழுத்துக்காக வேற்று நாட்டாரை எதிர்பார்த்திருந்த காலம் போய்விட்டது என்பதற்கு ஒரு நல்ல அத்தாட்சி இருக்கிறது. முன்பு பம்பாய் என்று வழங்கிய மும்பையில் 'ஏக் டைப்' என்ற எழுத்துச் சித்திரக்காரர்களின் குழு இருக்கிறது. அவர்கள் 'பாலூ' என்னும் பருத்த, உருண்ட எழுத்தை 2016-ல் வெளியிட்டார்கள். ஹிந்தியில் 'பாலூ' என்றால் கரடி. கரடியைப் போலவே அந்த எழுத்தும் பருமன். கதைக் கரடியைப் போலவே சாது. அதை ஒரு பாஷைக்கு மட்டும் செய்து நிறுத்தாமல், தேசத்தின் எழுத்துக்கள் பலவற்றுக்கும் செய்து, ஒவ்வொன்றுக்கும் அந்தந்த பாஷையில் சகோதரனைக் குறிக்கும் சொல்லைப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். குஜராத்திக்கு 'பாய்', வங்காளிக்கு 'தா', பஞ்சாபிக்கு 'பாஜி', ஒடியாவுக்கு 'பைனா', உருதுவுக்கு 'பாய்ஜான்', கன்னடத்துக்கு 'தம்ம', தெலுங்குக்கு 'தம்முடு', மலையாளத்துக்கு 'சேட்டன்', தமிழுக்குப் 'பாலூ தம்பி'. தெற்கே மூவர் தம்பிகளாயிருக்க மலையாளம் மாத்திரம் எப்படி அண்ணனாயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. வீட்டுச் சண்டை, வெளியில் பேச வேண்டாம்.

வேடிக்கை இருக்கட்டும். சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் ரயிலின் மேல் தமிழ், தெலுங்கு, ஒடியா, வங்காளி நான்கையும் ஒரே குடும்பச் சாயலில் எழுத வேண்டுமென்று யாரேனும் விரும்பினால், முன்பு அதற்கு வழி அரிதாக இருந்தது. இப்போது அந்தச் சகோதரர்கள் நால்வரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். இவ்வெழுத்தை எவரும் விலையின்றி எடுத்து உபயோகிக்கலாம், திருத்தியும் கொள்ளலாம் என்று அனுமதி அளித்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியிலுள்ள ஒரு சிறு அச்சுக் கடைக்காரர் காலணா செலவில்லாமல் நல்ல கொட்டை எழுத்தைப் பெற முடியும்போது, வீங்கின எழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? 2019-ல் வந்த இரண்டாம் பதிப்பில் தம்பி ஒரே பருமனில் இல்லை. சாதாரண எழுத்திலிருந்து மிகப் பருத்தது வரையில் ஐந்து படிகள் உண்டு. தலைப்புக்குக் கடைசிப் படி, அதன் கீழ் வரும் ஒரு வரிக்கு நடுப்படி என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி, இத்தகைய எழுத்தை எங்கே உபயோகிப்பது? மூன்று நான்கு சொற்களுக்கு மேற்படாத இடத்தில் அது ராஜா. மிட்டாய்ப் பெட்டி, பொம்மைக் கடை, பள்ளிக்கூட ஆண்டு விழா, சிறுவர் கதைப் புஸ்தகத்தின் மேலட்டை, பொருட்காட்சி, விளையாட்டுப் பந்தயம், ஹாஸ்யப் படத்தின் நோட்டீஸ் எல்லாம் அதற்கு ஏற்றவை. இரண்டு வரி வந்தால் வரிகளை நெருக்கக் கூடாது. மேல் வரியின் 'கு' கீழ் வரியின் 'றி'யின் தலையில் உதைக்கும். பெயர்ப் பலகைக்காரர்களிடையே, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அது இங்கிலீஷ் எழுத்துக்காக ஏற்பட்டது. நம் எழுத்துக்கு ஒன்றரை அங்குலமாவது வைப்பது உத்தமம். ஒரு பத்தி முழுவதையும் கொட்டை எழுத்தில் அடிப்பதோ, வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் உரக்கப் பேசுவதற்குச் சமானம்.

மலைக்கு மேலே

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்று, கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலை ஏறலாம். வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். சின்னது சுமார் 2,700 அடி, பெரியது சுமார் 4,000 அடி. மேலே வெள்ளிமலை என்ற ஊர். சாமையும் தினையும் விளைவித்து வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் பேசுவது தமிழே. பெயரைப் பார்த்து நேயர்கள் மயங்க வேண்டாம், மலையை ஆள்பவர்கள் என்பதே பொருள் என்பர். ஆனால் மலையை ஆண்டவர்கள் வேறு. தேசம் 1947-ல் விடுதலை பெற்ற பிறகும் இம்மலை ஜாகீர்தார்களின் அதிகாரத்தில் கிடந்து, 1976-ல்தான் அந்த ஆதிக்கம் ஒழிந்தது. இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கும் மலைவாசிகள் பலருடைய இளமை ஜாகீர் காலத்திலேயே கழிந்துவிட்டது. அவர்களுடைய பேரக் குழந்தைகள் அரசாங்க உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். பாட்டி படிக்காத பலகையைப் பேத்தி படித்துச் சொல்கிறாள்.

இங்கேதான் கொட்டை எழுத்துப் பிரச்னை வேடிக்கையை விட்டு விலகுகிறது. பட்டணத்தில் நாம் ஒரு பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. பாதி உருவத்தைப் பார்த்ததும் மீதியை ஊகித்துக்கொள்கிறோம். புதிதாகப் படிக்கும் குழந்தைக்கு அந்த ஊகம் கிடையாது. ஒவ்வோர் எழுத்தின் கண்ணும், ஒவ்வொரு புள்ளியும் அதற்கு வேண்டும். பள்ளிச் சுவரில் 'அ' என்று ஒன்றை மட்டும் பெரிதாக, உருண்டையாக, சிவப்பாக எழுதிப் பக்கத்தில் அணிலை வரைந்தால் குழந்தை ஓடி வந்து அதைத் தொட்டுப் பார்க்கும். கொட்டை எழுத்தைப் போல் குழந்தையைக் கூப்பிடும் எழுத்து வேறில்லை. ஆனால் அதைப் பார்த்து எழுதச் சொல்லக் கூடாது. கோடு எங்கே தொடங்கி எங்கே சுழித்து எங்கே முடிகிறது என்பது சதைக்குள் மறைந்து போயிருக்கிறது. எழுதிப் பழக எழுத்தாணிக் கோடு போன்ற மெல்லிய எழுத்தே வேண்டும். கூப்பிடுவதற்கு ஒன்று, கற்பிப்பதற்கு ஒன்று. பாட புஸ்தகத்தை அழகுபடுத்துவதாக எண்ணி உள்பக்கங்களிலும் உருண்டை எழுத்தை நிரப்புகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

எழுத்துக்கு முகபாவம் உண்டு என்பதையும் மறப்பதற்கில்லை. 1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். கல்வராயன் மலையின் மேற்குப் பாகம் அந்தச் சேலத்தைச் சேர்ந்தது. அதற்கு எண்பத்தேழு வருஷங்களுக்குப் பிறகு, 2024 ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் மெதனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். மெதனால் கண்ணையும் பறிக்கும், உயிரையும் பறிக்கும். இந்தச் செய்தியைப் பலகையில் எழுதி மூலைக்கு மூலை வைக்க வேண்டுமென்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. எந்த எழுத்தில் எழுதுவது? கையருகே இருக்கிறது, பெரிதாகத் தெரிகிறது என்று உருண்டைக் கொட்டை எழுத்தை எடுத்துப் போட்டால், "குடித்தால் கண் போகும்" என்ற வாக்கியம் மிட்டாய் விளம்பரம் போலச் சிரிக்கும். சாவைச் சொல்லும்போது எழுத்துச் சிரிக்கலாகாது. பருமன் வேண்டியதுதான்; உருண்டையும் விளையாட்டும் வேண்டாம். நேரான கோடு, திறந்த கண், தனித்து நிற்கும் புள்ளி, வரிக்கு மூன்று சொற்கள். அருவிக் கரையில் வழுக்கும் பாறையைப் பற்றிய பலகைக்கும், மருந்துச் சீட்டுக்கும் இதே விதிதான்.

உளி செய்த வேலை

மலையிலிருந்து இறங்கியதும் நமக்கு ஒரு யோசனை தோன்றிற்று. கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெய்வ உருவங்களும் கதவு வேலைகளும் செய்யும் அச்சிற்பிகள் கையால் ஒரு கொட்டை எழுத்துப் பலகை செய்யச் சொன்னால் என்ன? ஒரு பட்டறையில் நுழைந்து, 'கள்ளக்குறிச்சி' என்று உருண்டை எழுத்தில் எழுதிய காகிதத்தைக் கொடுத்தோம். சிற்பி அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

"இதை எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பாங்க, ஐயா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நாம் பார்த்த எந்த ஃபிளெக்ஸ் கடையிலும் ஒருவரும் நம்மிடம் கேட்டதில்லை. சாலைக்கு அப்பாலிருந்து என்றோம். அவர் காகிதத்தைப் பலகையின் மேல் வைத்து வரைந்துகொண்டார். பிறகு நாம் எதிர்பார்த்தபடி எழுத்தின் வெளி விளிம்பில் உளியை வைக்கவில்லை. ககரத்தின் வயிற்றிலிருந்த சிறு வெளியில் வைத்தார். அதைக் குடைந்து, நாம் வரைந்திருந்ததற்கு மேல் அரை நெல் அளவு அகலப்படுத்தினார். அடுத்து ளகரம், பின்பு றகரம்.

"உள்ளே முதல்லே வெட்டிடணுங்க. வெளியே எப்ப வேணும்னாலும் செதுக்கிக்கலாம். உள்ளே அடைஞ்சு போச்சுன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"புள்ளி கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே?" என்றோம்.

"சின்னதா விட்டா உளி தாங்காதுங்க, நாளைக்குத் துடைக்கிறப்போ பேந்து போயிடும். எழுத்தோட ஒட்டி விட்டா யாருக்கும் தெரியாது. தள்ளித்தான் வைக்கணும்."

மறுநாள் மாலை பலகையைப் பட்டறைத் தூணில் சாய்த்து வைத்தார்கள். வர்ணம் பூசவில்லை, மரத்தின் நிறமே. நாம் சாலையைக் கடந்து போய், லாரி ஒன்று விலகும் வரையில் காத்திருந்து, எண்ணிப் பார்த்தோம். எட்டு எழுத்து, மூன்று புள்ளி. எல்லாம் இருந்தன.